மாடி ஏறிய ஜப்பான் வாசனை

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக் காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தேன். மாடி வீட்டு சாந்தாக்கா நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு எவர்சில்வர் கிண்ணம். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"என்ன தம்பி சமையல்? வாசனை மாடி வரைக்கும் தூக்குது! ஹேமாவுக்கு ஒரு கிண்ணம் வேணுமாம்."

சாந்தாக்கா எங்கள் ஹவுஸ் ஓனர். ஹேமா அவருடைய ஒரே மகள். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். எட்டாவது மாதம்.

எங்கள் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது பன்றிக்கறி.

இப்போது சொல்லுங்கள்... நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடாதீர்கள். இது எவ்வளவு பெரிய சிக்கல் என்பது கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால்தான் புரியும்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு ஜப்பான் அம்மா. யார் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. ஆபீசில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே மொபைலில் சமையல் வீடியோ பார்ப்பது என் கெட்ட பழக்கங்களில் ஒன்று. அப்படித்தான் ஒருநாள் இந்த அம்மா வந்தார். பேசவே மாட்டார். கை மட்டும்தான் தெரியும். பன்றியின் வயிற்றுப் பக்கத்துக் கறியை, தோலும் கொழுப்பும் கறியும் அடுக்கடுக்காக இருக்கும் பாகத்தை, பெரிய பெரிய சதுரமாக வெட்டினார். ஒருமுறை வேகவைத்து எடுத்தார். பிறகு இஞ்சி, சோயா சாஸ், சர்க்கரை போட்டு, சின்னத் தீயில் மணிக்கணக்கில் விட்டுவிட்டார். கடைசியில் ஒரு குச்சியை எடுத்து லேசாகத் தொட்டார் – கறி தானாக இரண்டாகப் பிரிந்தது! கத்தி இல்லை, இழுபறி இல்லை. இதற்குப் பெயர் காக்குனியாம்.

என் தயிர்சாதத்தைப் பார்த்தேன். அதன் ஓரத்தில் ஒதுங்கியிருந்த மாங்காய் ஊறுகாயைப் பார்த்தேன். சாயந்திரம் வரைக்கும் எனக்கு வேலையே ஓடவில்லை.

எங்களுக்குப் பன்றிக்கறி புதிதா என்றால், இல்லவே இல்லை. நானும் என் மனைவி திலகாவும் வாடிப்பட்டிப் பக்கம் பிறந்தவர்கள். அடுத்தவர் வயலில் வேலை பார்த்த குடும்பங்கள். இரண்டு வீட்டிலும் அது ஒரு சாப்பாடு, அவ்வளவுதான். மதுரைக்கு வேலைக்கு வந்து வாடகை வீடு தேட ஆரம்பித்த பிறகுதான் அது ரகசியம் ஆனது.

வீடு தேடியவர்களுக்குத் தெரியும். "எத்தனை பேரு?" என்பது முதல் கேள்வி. "எந்த ஊரு?" என்பது அடுத்தது. அதற்கும் அடுத்து, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "ஊருல எந்தத் தெரு?" என்று கேட்பார்கள். அதற்கு மேல் கேள்வியே இருக்காது. "சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். சொல்லி அனுப்பவே மாட்டார்கள்.

ஆனையூரில் இந்த வீட்டைப் பார்க்க வந்தபோது சாந்தாக்கா எந்தத் தெரு என்று கேட்கவில்லை. அதற்காகவே அவரை எங்களுக்குப் பிடித்துப்போனது. அவர்கள் சௌராஷ்டிரா குடும்பம். டவுனுக்குள் ஜவுளிக் கடை வைத்திருக்கிறார்கள். தங்களுக்குள் அவர்களுடைய பாஷை, எங்களோடு தமிழ். ஒரே ஒரு கண்டிஷன் மட்டும் போட்டார். "ஆடு, கோழி, மீனு தாராளமா சமைங்க தம்பி. நாங்களும் சாப்பிடுறவங்கதான். வேற எதுவும் மட்டும் வேணாம்."

அந்த 'வேற எதுவும்' என்ன என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரண்டு தரப்புக்கும் தெரியும். அன்றிலிருந்து இந்த வீட்டு அடுப்பு அதைப் பார்த்ததில்லை. நல்ல தண்ணி, நல்ல காற்று, திலகா வேலை பார்க்கிற பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். மேலிருந்து அவ்வப்போது புளியோதரை வேறு இறங்கி வரும். இதை யாராவது ஒரு கறிக்காக இழப்பார்களா?

நான் இழக்கத் தயாரானேன். ஜப்பான் அம்மா அப்படிச் செய்துவிட்டார்.

"உங்களுக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" என்றாள் திலகா.

"திலகா, இது நம்ம ஊர்க் கறி மாதிரி இல்ல. ஜப்பான் சாப்பாடு. மசாலா கிடையாது, தாளிப்பு கிடையாது. வாடையே வெளிய போகாது."

"ஜப்பான் பன்னிக்கு வாடை இருக்காதாக்கும்?"

மொபைலைக் கையில் கொடுத்தேன். மேலும் பேசாமல் துணி மடிக்கப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் எட்டிப் பார்த்தால், அதே வீடியோவை மறுபடியும் முதலிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். குச்சி தொடுகிற இடம் வந்ததும் நிறுத்தினாள்.

"இம்புட்டு மெதுவா வேகுமாங்க?"

எனக்குள் பட்டாசு வெடித்தது. விழுந்துவிட்டாள்!

ஆனால் திலகாவும் கண்டிஷன் போட்டாள். ஜப்பானில் இதற்கு அரிசியில் செய்த மது ஊற்றுவார்கள். "ஒரு சொட்டு என் சட்டியில விழக் கூடாது" என்று அதை முதலில் அடித்தாள். மீன் வேகவைத்த தண்ணீரும் சேர்ப்பார்களாம், நெத்திலிக் கருவாடு போடலாமா என்று கேட்டேன். "ஏன், தெருவுல தண்டோரா போட்டுட்டு வந்து சமைப்போமே" என்றாள். அதுவும் போயிற்று.

சோயா சாஸ் வாங்க சிம்மக்கல் போனேன். மொத்தக் கடையில் ஜப்பான் சோயா சாஸ் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணே, கோபி மஞ்சூரியனுக்கு ஊத்துறது இருக்கு. அது சைனாவா இருக்கும். ரெண்டும் பக்கத்துப் பக்கத்து ஊருதானண்ணே?"

அந்தப் புவியியலை நான் ஏற்றுக்கொண்டேன். பாட்டிலை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஞாயிறு காலை பைக்கை எடுத்துக்கொண்டு அலங்காநல்லூர் ரோட்டுப் பக்கம் போனேன். 'வெண்பன்றி இறைச்சி கிடைக்கும்' என்று சிவப்பு எழுத்தில் போர்டு வைத்த ஒரு கடை. அங்கே கறி வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? பாதிப் பேர் ஹெல்மெட்டைக் கழற்றவே மாட்டார்கள். சாலைப் பாதுகாப்பில் இவ்வளவு அக்கறையான கூட்டத்தை மதுரையில் வேறு எங்கும் பார்க்க முடியாது. நானும் கழற்றவில்லை. ஹெல்மெட்டுக்குள் இருந்தே, "வயித்துப் பக்கம்... தோலோட... பெரிய பீசா" என்று கத்தினேன். பக்கத்தில் இருந்த இன்னொரு ஹெல்மெட் திரும்பி என்னைப் பார்த்தது. கண்ணாடிக்குள் இருந்தது எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டெண்ட் மாதிரியே இருந்தது. இரண்டு பேரும் நாகரிகமாகத் திரும்பிக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, ஆரம்பித்தோம். முதல் தப்பு முதல் நிமிடத்திலேயே நடந்தது. நான் வெட்டி வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி இந்தப் பக்கம் பார்க்கிறேன், கறி மஞ்சளாக இருக்கிறது! திலகாவின் கை அது பாட்டுக்கு மஞ்சள் தூள் போட்டுப் பிசைந்துவிட்டது.

"ஜப்பான்ல மஞ்சள் போட மாட்டாங்க திலகா!"

"மஞ்சள் போடாம கறிய எப்படிங்க கழுவுறது?" என்றாள். அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

அடுத்து, முதல் வேக்காடு. கொழுப்பு வாடை போக, அரிசி கழுவிய தண்ணீரில்தான் கறியை வேகவைக்க வேண்டும் என்பது ஜப்பான் முறை. அதாவது கழனித் தண்ணி. இதைச் சொன்னதும் திலகா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்தவே முடியவில்லை.

"உசுரோட இருக்கப்ப குடிச்சதையே செத்த பெறகும் ஊத்துறாங்களா? பாவங்க அது!"

நானும் சிரித்தேன். சத்தம் மேலே கேட்டுவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பொத்தியதால் இன்னும் அதிகமாக வந்தது. கல்யாணம் ஆன புதிதில் இப்படிச் சிரித்திருப்போம். சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வர நின்றோம்.

வெந்ததைக் கழுவி, அடி கனமான குண்டானில் அடுக்கினோம். இஞ்சி, சோயா சாஸ், சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி. கூடவே முள்ளங்கி, அவித்த முட்டை. பாத்திரத்தைவிடச் சின்ன மூடி ஒன்றைக் கறியின் மேலேயே படுகிற மாதிரி போட வேண்டும், ஆவி போக அதில் ஓட்டை இருந்தால் நல்லது என்று வீடியோவில் காட்டினார்கள். ஜப்பானில் இதற்கென்று மரத்தில் மூடி விற்கிறதாம். நாங்கள் இட்லித் தட்டைக் கவிழ்த்தோம். அளவெடுத்துச் செய்தது போல் உட்கார்ந்தது.

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். குண்டானுக்குள் எட்டிப் பார்த்தேன். ஏதோ ஒன்று குறைகிற மாதிரியே இருந்தது. இவ்வளவு கறி, ஒரு பட்டை கிராம்பு கூட இல்லாமல் அநாதையாகக் கிடப்பதா? மதுரைக்காரன் கை சும்மா இருக்குமா... அஞ்சறைப் பெட்டியைத் திறந்தேன். இரண்டு அன்னாசிப்பூ, ஒரு துண்டு பட்டை. திலகா பார்ப்பதற்குள் உள்ளே போட்டு மூடிவிட்டேன்.

அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் கருப்பட்டியும் இஞ்சியும் அன்னாசிப்பூவும் கறிக் கொழுப்பும் கலந்து ஒரு வாசனை கிளம்பியது பாருங்கள்! பிரியாணிக்கும் அல்வாவுக்கும் கல்யாணம் நடந்த மாதிரி. ஜன்னலைச் சாத்தி என்ன பிரயோஜனம்? எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை நேராக மாடிப்படியைப் பார்த்துத்தான் இருக்கிறது.

அப்போதுதான் காலிங் பெல் அடித்தது.

இப்போது மறுபடியும் சாந்தாக்காவின் கிண்ணத்துக்கு வருவோம்.

"இன்னும் வேகலக்கா" என்றேன்.

"வேகட்டும். நான் உக்காந்திருக்கேன்." உட்கார்ந்தே விட்டார், எங்கள் ஹால் சோபாவில், கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு.

"காரம் ஜாஸ்திக்கா. மாசமா இருக்கிற புள்ளைக்கு ஆகாது."

"வாசனை இனிப்பால்ல இருக்கு?"

"அது... ஜப்பான் சாப்பாடுக்கா."

இதைச் சொன்னால் பின்வாங்குவார் என்று நினைத்தேன். சாந்தாக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஜப்பானா! அவங்கல்லாம் நூறு வயசு இருக்காங்கல்ல? அப்ப ஹேமாவுக்கு ரொம்ப நல்லது. ரெண்டு கரண்டி கூடவே போடுங்க தம்பி."

மாசமாக இருக்கிற பெண் ஒரு வாசனையைப் பிடித்துவிட்டால், அந்தப் பண்டத்தை அவளுக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்கள். டாக்டர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் எட்டு மாத வயிற்றோடு ஒரு பெண் மாடியில் காத்திருக்கும்போது, அவளுடைய அம்மா எதிரே கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கும்போது, உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா என்று பாருங்கள்.

கொடுக்காவிட்டால் பாவம். உண்மையைச் சொன்னால் வீடு போச்சு. மட்டன் என்று சொல்லிக் கொடுத்துவிட்டால்? ஒரு விநாடி... ஒரே ஒரு விநாடி அந்த எண்ணம் வந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். திலகாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். என் மண்டைக்குள் ஓடியதைப் படித்துவிட்டாள்.

சமையலறையிலிருந்து வெளியே வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சாந்தாக்காவுக்கு எதிரில் நின்றாள்.

"அக்கா, அது பன்னிக்கறி. தெரியாம குடுத்தா அது உங்களுக்கும் ஆகாது, எங்களுக்கும் ஆகாது. நீங்க சமைக்க வேணாம்னு சொன்னது எங்களுக்குத் தெரியும். ஆசைப்பட்டுட்டோம்."

குண்டானில் இட்லித் தட்டு தடதடவென்று ஆடியது.

சாந்தாக்கா எழுந்தார். கிண்ணத்தைச் சோபாவிலேயே விட்டுவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

நானும் திலகாவும் கதவோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டோம். மேலே அம்மாவும் மகளும் அவர்கள் பாஷையில் பேச ஆரம்பித்தார்கள். இத்தனை வருஷம் கீழே குடியிருந்தும் எனக்கு அந்தப் பாஷையில் ஒரு வாக்கியம் புரியாது. அதற்காக அன்று வருத்தப்பட்ட மாதிரி என்றும் வருத்தப்பட்டதில்லை. நடுநடுவே தெரிந்த சொற்கள் மட்டும் விழுந்தன. "ஜப்பான்" என்றாள் ஹேமா. "கொலஸ்ட்ரால்" என்றார் சாந்தாக்கா. "பேபி" என்றாள் ஹேமா. அப்புறம் நீளமாக என்னென்னவோ. அப்புறம் "டூ-லெட் போர்டு" என்று கேட்டதாக எனக்குத் தோன்றியது.

"அப்படியெல்லாம் சொல்லல. சும்மா இருங்க" என்றாள் திலகா. ஆனால் அவள் கண் ஹாலைச் சுற்றி ஒரு முறை ஓடியதை நான் பார்த்தேன். பீரோவை எப்படி இறக்குவது என்று கணக்குப் போட்டிருப்பாள்.

எனக்குப் பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. என் வீட்டு அடுப்பில் என் கறியை வேகவைத்ததற்கு எதற்கு வெட்கப்படுகிறேன் என்று கோபமாகவும் வந்தது. ஆனால் கண்டிஷனை மீறியது நாங்கள்தானே? கோபத்தை யார் மேல் வைப்பது என்று தெரியாமல் அடுப்பைச் சின்னதாக்கினேன். இனி எதற்கு அவசரம்?

காலடிச் சத்தம் கேட்டது. சாந்தாக்கா மறுபடி வந்தார். வாசப்படியைத் தாண்டவில்லை. ஹால் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"டாக்டரம்மாக்குப் போன் போட்டேன். நல்லா வெந்திருந்தா சாப்பிடலாமாம்."

கையை மட்டும் சமையலறைப் பக்கம் நீட்டினார்.

"ஆனா அது என் வீட்டுக்குள்ள வரக் கூடாது. பாத்திரம் வரக் கூடாது, கரண்டி வரக் கூடாது. அந்தக் கிண்ணமும் இனிமே உங்களோடதுதான், நீங்களே வச்சுக்கங்க. ஹேமா கீழ வருவா. கார் ஷெட்டுல உக்காந்து சாப்பிடுவா. பாக்குமட்டைத் தட்டு இருக்குல்ல? சாப்பிட்டதும் தூரப் போட்டுறலாம். தலைக்கு ஊத்திட்டுத்தான் மேல வரணும்."

எப்படி இருக்கிறது தீர்ப்பு? ஹைகோர்ட் மதுரைக் கிளையில் கூட இவ்வளவு வேகமாக, இவ்வளவு பிரிவுகளோடு ஒரு தீர்ப்பு வந்திருக்காது. கறி மேலே போகக் கூடாது, வயிறு கீழே வரலாம்!

எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி எங்கே, டேபிள் ஃபேன் எங்கே, தட்டு எங்கே என்று வீடு முழுக்க ஓடினேன். திலகா சோற்றை வடித்தாள். ஹேமா ஒரு கையால் கைப்பிடிச் சுவரையும் ஒரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு படிப்படியாக இறங்கி வந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெற்றி. பின்னால் சாந்தாக்கா. மகளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அவர் மட்டும் கேட் பக்கம் போய்த் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

சுடுசோறு. அதன் மேல் கருஞ்சிவப்பில் பளபளவென்று இரண்டு துண்டு. பக்கத்தில் பாதி முட்டை, முள்ளங்கி. ஹேமா ஸ்பூனால் லேசாகத் தொட்டாள். கறி பிரிந்தது! ஜப்பான் அம்மாவுக்குப் பிரிந்த அதே மாதிரி! நான் கையைத் தட்டிவிட்டேன்.

ஹேமா வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள். அப்புறம் காலைத் தரையில் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

"அங்கிள்... மெல்லவே வேணாம் அங்கிள், அதுவா உள்ள போகுது!"

"என்னடி சொல்ற?" என்றார் தெருவைப் பார்த்து நின்றவர். "வாடை அடிக்குதா?"

"இல்லம்மா."

"உப்பு?"

"சரியா இருக்கும்மா."

பிறகு முகத்தைத் திருப்பாமலேயே, "திலகா, அந்தப் புள்ளைக்குக் குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்து. சோறு வறட்டுன்னு இருக்கும்" என்றார்.

பார்க்கவே மாட்டாராம், ஆனால் சோறு வறட்டென்று இருப்பது முதுகுக்குத் தெரிகிறது! திலகா உதட்டைக் கடித்துக்கொண்டு குழம்பு ஊற்றினாள்.

ஹேமா இன்னொரு துண்டு கேட்டாள். அப்புறம் முட்டை கேட்டாள். இதற்குள் மாடியில் தூங்கிக்கொண்டிருந்த ஹவுஸ் ஓனர் ஐயா, சாந்தாக்காவின் கணவர், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பாதிப் படி இறங்கி வந்து நின்றார். என்னிடம், "ஜப்பான்ல நிலநடுக்கம் அடிக்கடி வரும்ல தம்பி?" என்றார். ஆமாம் என்றேன். "கஷ்டம்தான்" என்றார். கண் தட்டிலேயே இருந்தது. சாந்தாக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். ஐயா வந்த படியிலேயே மேலே போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு டீச்சர் காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தலையை நீட்டினார். "என்ன சாந்தா, ஹேமாவுக்கு விருந்தா? நல்லா மணக்குது?"

சாந்தாக்கா கொஞ்சமும் அசரவில்லை. "ஆமா டீச்சர். ஜப்பான் சாப்பாடு. நம்ம தம்பி செஞ்சாரு. அங்கல்லாம் மாசமா இருக்கிறவங்களுக்கு இதான் குடுப்பாங்களாம்" என்றார். எங்கிருந்து வந்தது அந்தத் தகவல்? எனக்கே தெரியாது. டீச்சர் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு மறைந்தார்.

அன்று முழுக்க நாங்கள் மிதந்தோம். வீடு தப்பித்தது, கறி பிரிந்தது, ஒரு பிள்ளையின் காது தப்பித்தது! மிச்சத்தை நானும் திலகாவும் குண்டானோடு வைத்துச் சாப்பிட்டோம். ஆனால் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது திலகா ஒன்று சொன்னாள்.

"ஜப்பான்னு சொன்னதால எறங்கி வந்தாங்க. எங்க அம்மா வைக்கிற மாதிரி வச்சிருந்தா வந்திருப்பாங்களாங்க?"

எனக்கும் அதே கேள்வி ஓரத்தில் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. அதே மாமிசம். அதே ரோட்டோரக் கடை. ஜப்பான் என்ற பெயரோடு வந்தால் டீச்சர் தலையை ஆட்டுகிறார். வாடிப்பட்டிப் பெயரோடு வந்தால் "சொல்லி அனுப்புறோம்" என்கிறார்கள். பன்றிக்குக் கூட பாஸ்போர்ட் இருந்தால்தான் மரியாதை போலிருக்கிறது. சந்தோஷமான நாளில் இதை எதற்கு நினைக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை சாயந்திரம் திலகா மொட்டைமாடியில் துணி எடுக்கப் போயிருக்கிறாள். ஹேமா அங்கே நடந்துகொண்டிருந்தாளாம். பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறாள்.

"ஆன்ட்டி, அந்த வீடியோவைப் பார்க்கிறதுக்கு முன்னாடி நீங்க எப்படி வைப்பீங்க?"

திலகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நாங்க... இல்லம்மா, இதான் மொதத் தடவ..." என்று வாய் பழக்கத்தில் உளறியிருக்கிறாள்.

"சும்மா சொல்லாதீங்க ஆன்ட்டி. மொதத் தடவ செய்றவங்க அந்தக் கறிய இம்புட்டு பக்குவமா எறக்க மாட்டாங்க. எனக்கு அது வேணும். ஜப்பான் வேணாம். உங்க வீட்ல வைக்கிறது. அம்மாட்ட நானே சொல்லிக்கிறேன்."

கீழே வந்து இதை என்னிடம் சொல்லும்போது திலகாவின் குரல் ஒரு மாதிரி இருந்தது. "எப்படி வைப்பீங்கன்னு கேட்டாங்க" என்று மட்டும் மறுபடி மறுபடி சொன்னாள். இத்தனை வீடு மாறியிருக்கிறோம். எங்களிடம் இதைக் கேட்டவர் ஒருவரும் இல்லை.

வெள்ளி போனது. சனி போனது. மாடியிலிருந்து ஒரு சேதியும் இல்லை. ஹேமா அம்மாவிடம் சொன்னாளா, சொல்லி அடி வாங்கினாளா, தெரியவில்லை. சாந்தாக்கா படியில் எதிர்ப்பட்டால் சிரித்தார்; அதற்கு மேல் ஒன்றும் இல்லை. வாங்குவதா வேண்டாமா என்று சனிக்கிழமை முழுக்கப் பேசினோம். ஒருமுறை தப்பித்தாயிற்று, அதுவும் ஜப்பான் தயவில். இன்னொரு முறை கையைச் சுட்டுக்கொள்ள வேண்டுமா என்பது என் கட்சி. திலகா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. மிளகையும் சீரகத்தையும் எடுத்துப் புடைத்து வெயிலில் காயப் போட்டிருந்தாள், அவ்வளவுதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும் இன்று ஞாயிறு. காலையில் நான் பைக் சாவியைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஹேமாவின் நடை இல்லை, வேகமான நடை. நானும் திலகாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

சாந்தாக்கா வாசலில் வந்து நின்றார். இரண்டு கையாலும் ஒரு சுளகைப் பிடித்திருந்தார். சுளகு நிறைய, வெள்ளை வெளேரென்று உரித்த சின்ன வெங்காயம். விடிந்ததிலிருந்து உட்கார்ந்து உரித்திருக்க வேண்டும். வாசப்படியைத் தாண்டி உள்ளே வந்து, நேராகச் சமையலறைக்குப் போய், எங்கள் அடுப்பு மேடையில் வைத்தார்.

"ஜப்பானுக்கு வேணா வெங்காயம் தேவையில்லாம இருக்கலாம். உங்க கறிக்கு இம்புட்டாவது வேணும்ல, திலகா?"

வெங்காயம் உரித்தது அவர். கண் கலங்கி நின்றது நாங்கள் இரண்டு பேரும்.